மச்சம் மாறுகிறதா? எதைப் பார்க்க வேண்டும், எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்

பள்ளிக்கூடத்தில் கொடுத்த டி.சி.யை எடுத்துப் பாருங்கள், உடல் அடையாளங்கள் என்று இரண்டு வரி இருக்கும், நம்மில் பலருக்கு அந்த இரண்டு வரியும் மச்சம்தான். என்னுடையதில் முதல் வரி, வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம். வகுப்பாசிரியர் சட்டைக் கையைச் சுருட்டச் சொல்லி, விரலால் ஒருமுறை தேய்த்து, பேனா மை இல்லை என்று உறுதியான பிறகுதான் எழுதினார். அதற்கப்புறம் அந்த மச்சத்தை நான் நினைத்ததே இல்லை. நாற்பத்தோரு வயதில் ஒருநாள் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அது கண்ணுக்கு நேரே வந்தது, முன்பைவிடப் பெரிதாகிவிட்ட மாதிரி பட்டது, அவ்வளவுதான், மூன்று ராத்திரித் தூக்கம் போனது. போனில் தேடினால் வருவதெல்லாம் வெள்ளைக்காரர்களின் முதுகுப் படங்கள். அதையும் என் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்து இருந்த பயத்தை இரண்டு மடங்காக்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் ஸ்கின் டாக்டரிடம் போனேன். விளக்கு வைத்த சின்ன லென்ஸ் ஒன்றை மச்சத்தின்மேல் வைத்து இரண்டு நிமிஷம் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். கிளம்பலாம் என்று எழுந்தவனைப் படுக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றச் சொல்லி, இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் கால் நகங்களையும் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தார். கையில் இருக்கிற மச்சத்துக்கு எதற்குக் காலைப் பார்க்கிறார் என்று கேட்டேன். நம் நிறத்துத் தோலில் மெலனோமா என்கிற தோல் புற்றுநோய் வந்தால் அதிகமாக வருகிற இடம் கால்தான், ஆனால் அங்கே யாருமே பார்ப்பதில்லை என்றார்.

நான் மருத்துவன் இல்லை. அன்றைக்கு அவர் சொன்னதையும் அப்புறம் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும், என்னைப் போல ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வெளிச்சத்தில் மச்சம் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவருக்குச் சொல்கிற மாதிரி எழுதுகிறேன்.

மச்சம் என்றால் என்ன, எது இயல்பு

தோலுக்கு நிறம் கொடுக்கிற மெலனோசைட் என்ற செல்கள் சாதாரணமாக உடம்பெங்கும் தனித்தனியாகப் பரவியிருக்கும். அவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்துவிட்டால் அதுதான் மச்சம். பெரியவர்களுக்குப் பத்து முதல் நாற்பது மச்சம் வரை இருப்பது சாதாரணம். பிறக்கும்போதே இருப்பது நூறில் ஒரு குழந்தைக்குத்தான், மற்றதெல்லாம் சின்ன வயதிலும் பருவ வயதிலும் ஒவ்வொன்றாக வருவது. அதனால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புதிதாக ஒரு மச்சம் வந்திருக்கிறதே என்று பதற வேண்டாம், பிள்ளை வளர வளர மச்சமும் கூடவே கொஞ்சம் பெரிதாகும். முப்பதுகளிலும் வரலாம். நாற்பதுக்கு மேல் புதிதாக ஒன்று வந்தால் மட்டும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தட்டையாக இருந்த மச்சம் வருஷக்கணக்கில் மெல்ல மேலெழும்பி, நிறம் வெளுத்து, மிருதுவாகி, அதில் ஒன்றிரண்டு முடியும் முளைப்பது மச்சத்துக்கு வயதாகிறது என்பதன் அடையாளம். முடி முளைத்தால் கெட்ட மச்சம் என்று சொல்வதில் உண்மை இல்லை, அந்த முடியைப் பிடுங்கினால் புற்றுநோய் வரும் என்பதிலும் இல்லை. கர்ப்பமாக இருக்கும்போது வயிற்றிலும் மார்பிலும் தோல் விரிவதால் அங்கே இருக்கும் மச்சமும் விரியும். ஆனால் காலிலோ முதுகிலோ இருக்கிற மச்சம் மாறினால் அதையும் கர்ப்பத்தின் தலையில் போட்டுவிடாதீர்கள்.

மச்சம் என்று நாம் நினைப்பதில் பாதி மச்சமே இல்லை. கழுத்திலும் அக்குளிலும் சின்னதாகத் தொங்குவது மரு, அதனால் ஆபத்தில்லை, ஆனால் நிறைய வந்திருந்தால் ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுங்கள், இரண்டுக்கும் தொடர்பு உண்டு. நடுத்தர வயதில் பெண்களுக்குக் கன்னத்திலும் கண்ணோரத்திலும் கடுகு தூவின மாதிரி வருகிற கருப்புப் புள்ளிகள் நம் நிறத்தவர்களுக்கு ரொம்ப சகஜம், குடும்பத்தில் அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரலாம். வயதானவர்களின் முதுகில் கருப்பு மெழுகை உருக்கி ஒட்டின மாதிரி சொரசொரப்பாக வருவதும் தொந்தரவில்லாததுதான். கடைசியாகச் சொன்னதை மட்டும் நீங்களே முடிவு செய்யாதீர்கள், சில நேரம் பார்வைக்கு அதுபோலவே வேறொன்றும் இருக்கும்.

எதைப் பார்த்துக் கவலைப்படணும்

மெலனோமா என்பது அந்த நிறச் செல்களில் தொடங்கும் புற்றுநோய். நம் நாட்டில் அது அபூர்வம், வருஷத்துக்கு லட்சத்தில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் லட்சத்துக்கு முப்பது பேருக்கு மேல் வருகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும், இல்லையென்றால் எல்லா மச்சமும் பயமுறுத்தும்.

நியூயார்க்கில் 1985-இல் சில தோல் மருத்துவர்கள் ஏ, பி, சி, டி என்று ஒரு சுலபமான கணக்கு சொன்னார்கள், 2004-இல் அதில் இ சேர்ந்தது. ஆங்கில எழுத்துகளை மறந்துவிட்டு விஷயத்தை மட்டும் வைத்துக்கொள்வோம். மச்சத்தின் நடுவே மனதுக்குள் ஒரு கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கிறதா? ஓரம் சுத்தமாக முடிகிறதா, இல்லை ஈரத் தாளில் மை கசிந்த மாதிரி இழுத்துக்கொண்டு போகிறதா? ஒரே நிறமா, இல்லை கருப்பு, பழுப்பு, சிவப்பு, நீலச் சாம்பல், நடுவில் வெள்ளைத் திட்டு என்று ஒன்றிலேயே மூன்று நான்கு நிறம் இருக்கிறதா? ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா? ஆறு மில்லிமீட்டர் என்றால் நல்ல பெரிய மிளகு, அல்லது பென்சிலின் பின்பக்க அகலம். கடைசியாக, அது மாறிக்கொண்டிருக்கிறதா?

இந்த ஐந்தில் கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். முப்பது வருஷமாக எட்டு மில்லிமீட்டரில் அப்படியே உட்கார்ந்திருக்கும் மச்சத்தைவிட, மூன்று மாதத்தில் இரண்டிலிருந்து நான்கு ஆன புள்ளியைத்தான் முதலில் காட்ட வேண்டும். வருஷக்கணக்கில் மாறினால் பெரும்பாலும் இயல்பு, வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் மாறினால் காட்டிவிடுங்கள்.

இன்னொரு வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவருடைய மச்சங்கள் எல்லாம் ஒரே குடும்பச் சாயலில் இருக்கும். சிலருக்கு எல்லாமே சின்னதாகக் கன்னங்கருப்பாக, சிலருக்கு எல்லாமே பழுப்பாகக் கொஞ்சம் பெரிதாக. அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் ஒட்டாமல் தனியாகத் தெரிந்தால் அதைக் காட்டுங்கள். கணக்கு எதுவும் தெரியாத பாட்டிகூட இதைச் சொல்லிவிடுவார்.

இந்தக் கணக்குகள் எதிலும் சிக்காத ஒரு வகையும் இருக்கிறது. உருண்டையாக, கெட்டியாக, தொட்டால் குமிழ் மாதிரி இருக்கும், வாரத்துக்கு வாரம் வளரும், சில நேரம் கருப்பே இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். சமமாக இருக்கிறதே, ஒரே நிறமாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாதது இது. மேலெழும்பி, கெட்டியாகி, ஒரு மாதத்துக்கு மேல் வளர்ந்துகொண்டே போகும் எதையும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இன்னொன்று, மெலனோமாக்களில் பெரும்பாலானவை பழைய மச்சத்தில் தொடங்குவதில்லை, ஒன்றுமே இல்லாத இடத்தில் புதிதாக முளைப்பவை. டி.சி.யில் எழுதின மச்சத்தை மட்டும் காவல் காத்துக்கொண்டிருந்தால் போதாது.

காலைப் பாருங்கள், நகத்தைப் பாருங்கள்

நம் தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் அதிகம், வெயிலால் வரும் மெலனோமாவிலிருந்து அது நம்மைப் பெருமளவு காப்பாற்றுகிறது. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் வருகிற வகைக்கு வெயில் காரணமில்லை. அதனால் நம் கருப்பு நிறம் அந்த இடத்தில் நமக்குக் காவல் இல்லை. நம்மவர்களுக்கு மெலனோமா வருவது குறைவு, வந்தால் இந்த இடங்களில் வருவது அதிகம், அதைக் கண்டுபிடிப்பதோ பெரும்பாலும் தாமதமாக. ஏன் தாமதம் என்றால், கருப்பாக ஒன்று காலில் தெரிந்தால் முள் குத்தியிருக்கும், கல் இடித்திருக்கும், கால் ஆணி, சர்க்கரைப் புண் என்று சொல்ல நம்மிடம் ஆயிரம் காரணம் தயாராக இருக்கிறது.

ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லியின் கதை இதுதான். 1977-இல் அவருடைய வலது கால் பெருவிரல் நகத்துக்கு அடியில் இருந்தது கால்பந்து ஆடியதில் பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். அது மெலனோமா. 1981 மே 11-இல் அவர் இறந்தபோது வயது 36.

என் அத்தை ஒருவருக்கும் குதிகாலில் ஒரு கருப்புத் திட்டு. கால் ஆணி என்று ஒருவர் பிளாஸ்டர் ஒட்டினார், இன்னொருவர் சீவிவிட்டார், சீவின இடம் ஆறவில்லை, ஆறாததற்குச் சர்க்கரைதான் காரணம் என்று இன்னொருவர் களிம்பு கொடுத்தார். இப்படியே பதினோரு மாதம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனால் யாரும் ஒரு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பவும் இல்லை. கடைசியில் அனுப்பியபோது தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது, நோய் அதற்குள் பாதத்தைத் தாண்டிவிட்டிருந்தது. எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்ததற்கு என் முழங்கை மச்சத்தைவிட அத்தையின் குதிகால்தான் காரணம்.

அதனால் கால் விஷயத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: உள்ளங்காலிலோ உள்ளங்கையிலோ சின்னதாக, பழுப்பாக, வருஷக்கணக்கில் மாறாமல் ஒரு மச்சம் இருப்பது நம்மவர்களுக்குச் சாதாரணம். ஆனால் அது ஏழு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, வளர்ந்தாலோ, கசிந்தாலோ, என்னவென்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலோ, புண்ணாக இரண்டு மாதம் ஆறாமல் இருந்தாலோ, அடுத்த களிம்பு வாங்குவதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். உள்ளங்காலில் வரிவரியாக இருக்கும் ரேகைகளை லென்ஸில் பார்க்கும்போது நிறம் பள்ளத்தில் ஓடினால் பெரும்பாலும் நல்லது, மேட்டில் ஓடினால் சந்தேகம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வெறும் கண்ணால் நம்மால் அதைச் செய்ய முடியாது.

நகம் தனி விஷயம். நம் நிறத்தவர்களுக்கு நகத்தில் நீளவாக்கில் கருப்போ பழுப்போ கோடுகள் வருவது சகஜம், பல விரல்களில் மெல்லிசாக இருந்தால் பெரும்பாலும் நிறத்தோடு சேர்ந்த இயல்புதான். ஒரே ஒரு நகத்தில், அதுவும் கட்டைவிரலிலோ கால் பெருவிரலிலோ, பெரியவரான பிறகு புதிதாக ஒரு கோடு வந்து, அது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகலமானாலோ, அடியில் அகன்று நுனியில் குறுகினாலோ, நகத்தை உடைத்தாலோ, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கருப்பு பரவினாலோ உடனே காட்ட வேண்டியது.

நசுங்கி ரத்தம் கட்டினதா, இல்லை வேறா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய வழி உண்டு. ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும், அதற்குப் பின்னால் சுத்தமான நகம் முளைத்து வரும். கைநகம் மாதம் மூன்று மில்லிமீட்டர், கால்நகம் ஒன்று ஒன்றரை மில்லிமீட்டர் வளரும், அதனால் இன்று ஒரு போட்டோ எடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து இன்னொன்று எடுத்தால் நகர்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். நகரவே இல்லை, இல்லை வேரிலிருந்து தொடர்ந்து கருப்பாகவே வருகிறது என்றால் காட்டுங்கள். அடி பட்ட ஞாபகமே இல்லாதவர்கள் இரண்டு மாதம் காத்திருக்கவும் வேண்டாம்.

மருதாணி வைத்த நகத்திலும் நெயில் பாலிஷ் போட்ட நகத்திலும் எதுவும் தெரியாது. பாலிஷ் அழித்த அன்றைக்கு, மருதாணி வைப்பதற்கு முன்னால், பத்தையும் பத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மெட்டியை ஒரு நாள் கழற்றி அதன் கீழேயும் பாருங்கள்.

வீட்டில் எப்படிப் பார்ப்பது

மாதம் ஒருமுறை போதும். தினமும் பார்த்தால் மாற்றம் தெரியாது, பயம்தான் வளரும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் இதற்கு வசதி, எப்படியும் உடம்பு முழுக்கக் கை படுகிறது, தலையில் எண்ணெய் வைத்துவிடுகிறவர் முடியைப் பிரித்துப் பார்த்துவிடலாம். முதுகுக்கு வீட்டில் ஒருவர் கண் வேண்டும், தனியாக இருந்தால் குளியலறைக் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக் கையில் இன்னொரு கண்ணாடி. காதுக்குப் பின்னால், அக்குள், மார்பின் கீழ்மடிப்பு, தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, விரல் இடுக்குகள், உள்ளங்கால், வாய்க்குள் கன்னம், ஈறு. பிறப்புறுப்பிலும் வாயிலும்கூட மெலனோமா வரும், அங்கே கருப்பாகப் புதிதாக ஏதாவது தெரிந்தால் கூச்சத்தில் மறைத்துவிட வேண்டாம், பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை. கண்ணின் வெள்ளைப் பகுதியில் புள்ளி இருந்து அது வளர்ந்தால் கண் டாக்டரிடம் போங்கள்.

சந்தேகமான மச்சத்தை மட்டும் போட்டோ எடுங்கள். பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துக்கொள்ளுங்கள், ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், ஒன்று கிட்டத்தில் ஒன்று எட்டத்தில். போனில் பியூட்டி மோடை அணைக்க மறக்காதீர்கள், அது மச்சத்தையே வழித்துத் துடைத்துவிடும், நிறத்தையும் மாற்றிவிடும். தேதியோடு தனி ஆல்பத்தில் வைத்துக்கொண்டால் மூன்று மாதம் கழித்து ஒப்பிடலாம், டாக்டரிடமும் காட்டலாம். என்னிடம் பழைய போட்டோ ஒன்று இருந்திருந்தால் அந்த மூன்று ராத்திரி தூங்கியிருப்பேன்.

சிலர் மற்றவர்களைவிடக் கவனமாக இருக்க வேண்டும்: அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர் யாருக்காவது மெலனோமா வந்தவர்கள், உடம்பில் ஐம்பது நூறு மச்சம் இருப்பவர்கள், உறுப்பு மாற்று சிகிச்சை செய்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், பிறக்கும்போதே உள்ளங்கையைவிடப் பெரிய மச்சத்தோடு பிறந்தவர்கள். பிறவியிலேயே தோலும் முடியும் வெளுத்த அல்பினிசம் உள்ளவர்களுக்கு வெயிலால் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம், அவர்கள் மச்சத்துக்காக இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எப்போது போவது

இந்த வாரமே போக வேண்டியவை: கை படாமல், கீறாமல், தானாக ரத்தம் கசிகிற மச்சம். வாரக்கணக்கில் வளரும் கெட்டியான குமிழ். சில மாதங்களில் நிறமோ வடிவமோ அளவோ மாறினது. நகத்தைத் தாண்டித் தோலுக்குப் பரவிய கருப்பு. உள்ளங்காலில் ஆறாத கருப்புப் புண். மச்சம் இருக்கும் பக்கத்து அக்குளிலோ தொடையிடுக்கிலோ நெறி கட்டியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த மாதத்துக்குள் போக வேண்டியவை: விடாமல் அரிக்கிற மச்சம், நாற்பதுக்கு மேல் புதிதாக வந்தது, கூட்டத்தில் ஒட்டாத ஒன்று. வயதானவர்களுக்கு மூக்கிலோ கண்ணிமையிலோ பளபளவென்று கருப்பாக ஒரு கொப்பளம் வந்து, பொருக்கு விழுந்து, மறுபடி பொருக்குத் தட்டி, மாதக்கணக்கில் இப்படியே போனால் அதுவும் இதில் சேர்த்தி. அது மெலனோமா அல்லாத வேறொரு தோல் புற்றுநோயாக இருக்கலாம், மெதுவாக வளரும், சீக்கிரம் எடுத்தால் அதோடு முடிந்துவிடும். பாவாடை நாடாவும் வேட்டியும் இறுகிப் பல வருஷம் உரசின இடுப்பில் ஆறாத புண்ணையும் இப்படித்தான் காட்ட வேண்டும், நாள்பட்ட உரசலில் அங்கே புற்றுநோய் வந்ததை நம் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஷேவ் செய்யும்போது மச்சம் வெட்டுப்பட்டுவிட்டது, சீப்பு பட்டு ரத்தம் வந்தது என்றால் அதனால் புற்றுநோய் வராது. அழுத்திப் பிடித்து, சுத்தமாக வைத்து, இரண்டு வாரம் பாருங்கள். ஆறவில்லை என்றால் போங்கள்.

தயவுசெய்து யாரும் பார்க்காமல் எரித்துவிடாதீர்கள்

இதைத்தான் கெஞ்சிக் கேட்க வேண்டியிருக்கிறது. சுண்ணாம்பையும் சோடாவையும் குழைத்து வைப்பது, அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவது, தலைமுடியால் இறுக்கிக் கட்டுவது, பார்லரில் ஐந்து நிமிஷத்தில் சுட்டு எடுப்பது, இதெல்லாம் நம் ஊரில் சர்வ சாதாரணம். மரு என்று தெரிந்ததை யாரோ என்னவோ செய்துவிட்டுப் போகட்டும், பெரும்பாலும் தழும்போடு போய்விடும். ஆனால் கருப்பாக, மாறிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சுட்டுவிட்டால், அது என்னவாக இருந்தது என்று கண்டுபிடிக்க மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஒரு துணுக்குக்கூட மிஞ்சாது. மேலே தோல் மூடிக்கொள்ளும், அடியில் இருந்தது இருந்தபடி வளரும். லேசரிலும் இதே பிரச்சினைதான். அழகுக்காக எடுப்பதில் தவறில்லை, கல்யாணத்துக்கு முன் கன்னத்து மச்சத்தை எடுக்க நினைப்பது அவரவர் விருப்பம், அதற்கு முன் ஒரு தோல் மருத்துவர் லென்ஸில் பார்த்து இது வெறும் மச்சம்தான் என்று சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டரிடம் போனால்

பெயருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். மாதிரி தோல் மருத்துவப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், ஸ்கின் கேர் கிளினிக் என்று போர்டு வைத்த எல்லா இடத்திலும் தோல் மருத்துவர் இருப்பதில்லை. செலவு பயமாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போட்டுக்கொள்ளுங்கள், கூட்டம் இருக்கும், ஆனால் இந்த வேலையை நன்றாகவே செய்வார்கள். புற்றுநோய் என்று உறுதியானால் சிகிச்சைக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, சென்னையில் 1954-இல் தொடங்கின அடையாறு புற்றுநோய் நிலையமும் இருக்கிறது.

போகும்போது முகத்தில் பவுடர், மேக்கப் வேண்டாம், நகத்தில் பாலிஷ் வேண்டாம், எளிதில் கழற்றுகிற உடை போட்டுக்கொள்ளுங்கள். எப்போது முதலில் பார்த்தீர்கள், என்ன மாறியது, எத்தனை மாதத்தில், ரத்தம் வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று நான்கு வரி எழுதி எடுத்துப் போங்கள், உள்ளே போனதும் எல்லாம் மறந்துவிடும். ஒன்றைக் காட்டிவிட்டு எழுந்துவிடாமல், உடம்பு முழுக்க ஒருமுறை பார்த்துவிடுங்கள் டாக்டர், காலையும் சேர்த்து, என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த லென்ஸோடு விஷயம் முடிந்துவிடும். சிலரை மூன்று மாதம் கழித்து வரச் சொல்வார்கள், அதைத் தட்டாதீர்கள், மாறுகிறதா என்று பார்க்கத்தான் அந்த மூன்று மாதம்.

சந்தேகம் இருந்தால் மச்சத்தை முழுதாக வெட்டி எடுத்துப் பயாப்சிக்கு அனுப்புவார்கள். இங்கேதான் வீட்டில் பெரியவர்கள் குறுக்கே நிற்பார்கள், கத்தி பட்டால் பரவிவிடும் என்பார்கள். பரவாது. பயாப்சி செய்வதால் மெலனோமா பரவுவதில்லை. கத்தி வைத்த பிறகு மோசமானது என்று நாம் கேள்விப்படுகிற கதைகளில் பெரும்பாலும் நடந்தது, ஏற்கெனவே பரவியிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. மச்சத்தைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவார்கள், அந்த ஊசி மட்டும் சுள்ளென்று இருக்கும், அப்புறம் இழுப்பது தெரியும், வலி தெரியாது. சுற்றி இரண்டு மில்லிமீட்டர் நல்ல தோலோடு கண் வடிவத்தில் வெட்டி எடுத்துத் தையல் போட்டு, அரை மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முகத்தில் என்றால் ஒரு வாரத்தில் தையல் பிரிப்பார்கள், கால், முதுகு என்றால் இரண்டு வாரம் வரை ஆகும். தையல் பிரிக்கும் வரை அந்த இடத்தை நனைக்கலாமா, எப்போது குளிக்கலாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் வர ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். மெலனோமா என்றே வந்தாலும் அதில் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் என்று ஒரு எண் இருக்கும், முதலில் அதைத்தான் கேட்க வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்து தோலோடு நின்றிருந்தால், சுற்றி இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டி எடுப்பதோடு பெரும்பாலானவர்களுக்குச் சிகிச்சையே முடிந்துவிடுகிறது. எடுத்த சதையை மெழுகுக் கட்டியாக லேபில் பத்திரப்படுத்தி வைத்திருப்பார்கள், அதைப் பிளாக் என்பார்கள். ரிப்போர்ட்டில் உங்களுக்கோ டாக்டருக்கோ சந்தேகம் இருந்தால் பிளாக்கையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிப் போய் இன்னொரு மருத்துவமனையில் மறுபடி பார்க்கச் சொல்லலாம். அத்தைக்கு அப்படித்தான் கேட்டு வாங்கினோம், கொடுத்துவிட்டார்கள். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள், அதில் இருக்கும் நம்பரை வைத்துத்தான் தேடி எடுப்பார்கள்.